உளவளத்துணை ஒரு தொழில்: நம் பிள்ளைகளும் படிக்கட்டும்

(சங்கத்தின் மாதர் பிரிவு ஒன்றுகூடலில், கல்முனைக் கரையோரத்திலிருந்து வந்திருந்த உளவளத்துணைப் பணியாளர் குழு ஆற்றிய உரை)



நாங்கள் கடற்கரை ஆட்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் எங்களுடையவை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். மருதமுனையில் தறிச் சத்தம், சாய்ந்தமருதில் தோணி. நீங்கள் மலைக்காரர், கொழுந்தும் பாலும் உங்கள் பிழைப்பு. பேசுவது ஒரே தமிழ் என்றாலும் உங்களுக்கு மழை என்றால் என்ன, எங்களுக்குக் கடல் என்றால் என்ன என்பது ஒருவருக்கொருவர் முழுதாகத் தெரியாது.

ஆனால் சில விடயங்கள் மலைக்கும் கரைக்கும் பொது. மத்திய கிழக்குக்குப் போன தாய், இங்கே மூத்தம்மாவின் மடியில் வளரும் பிள்ளை. சம்பள நாளில் குடித்துவிட்டு வரும் தகப்பன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற மகன். கலியாணமாகி ஆறு மாதத்தில் தாய் வீட்டுக்குத் திரும்பிய மகள். இவை நடக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்வியும் பொதுதான்.

உங்கள் தலைவர்கள் எங்களிடம் கேட்டது இதுதான்: "இந்த உளவளத்துணை என்கிற வேலை என்ன? அதைப் படித்தால் பிள்ளைகளுக்கு எதிர்காலம் உண்டா? எங்கள் தோட்டத்துக்கு அதனால் என்ன பயன்?" இந்த மூன்றுக்கும் தெரிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் பெயர். இந்த வேலைக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் சிலர் சீர்மியம் என்பார்கள். சிலர் ஆற்றுப்படுத்தல் என்பார்கள். அரச அலுவலகங்களில் உளவளத்துணை என்று எழுதுகிறார்கள். இந்தக் கடைசிச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளத்தின் வளத்துக்குத் துணை. வளம் அந்த ஆளிடமே இருக்கிறது, நாங்கள் துணை மட்டும்தான். புத்தி சொல்வது எங்கள் வேலை அல்ல. புத்தி சொல்ல எல்லா ஊரிலும் ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்களில் முன்பு குடும்பத்தில் சண்டை என்றால் மாமன் வருவார், பெரியவாப்பா வருவார். அதுவும் சரிவராவிட்டால் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, பிறகு காதி நீதிமன்றம். உங்களிடம் தோட்டத் தலைவர், கோவில் கமிட்டி, ஊர்ப் பெரியவர்கள் இருப்பது போல. இந்த ஏற்பாட்டை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பம் இதனால் பிழைத்திருக்கிறது. ஆனால் இதில் இரண்டு குறை உண்டு. ஒன்று, பேசுவது எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டு, மத்தியஸ்தம் செய்பவர் "சேர்ந்து வாழுங்கள்" என்ற முடிவை முன்பே எடுத்துக்கொண்டுதான் உட்காருவார். அடி வாங்கியவளுக்கும் அதே முடிவு, அடித்தவனுக்கும் அதே முடிவு.

இந்த நிலையில்தான் 2004 டிசம்பர் 26 வந்தது.

இலங்கையில் சுனாமியால் கூடுதலானோர் இறந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கு மேற்பட்டவர்கள். அதில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் ஒரு காலைப்பொழுதில் வீதி வீதியாகக் குடும்பங்கள் போயின. ஒரே வீட்டில் வாப்பா மட்டும் மிஞ்சினார். இன்னொரு வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை மட்டும்.

அப்போது நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலர். சேவைகளில் பெரும்பகுதி கொழும்பை அண்டிய பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தன. கிழக்கில் மட்டக்களப்பில் வைத்தியர் மகேசன் கணேசன் போன்ற ஓரிருவர்தான் பல ஆண்டுகளாகப் போருக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் அதை உருவாக்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து மண்ணைப் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள்.

சுனாமிக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. உதவி நிறுவனங்கள் வரிசையில் வந்தன. ஒவ்வொன்றும் உளவளத்துணை என்றது. மூன்று நாள் பயிற்சி, ஐந்து நாள் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ். மொழி தெரியாத நிபுணர் கேட்பார், மொழிபெயர்ப்பாளர் சொல்வார், உம்மா அழுவார். அடுத்த வாரம் இன்னொரு நிறுவனம் வந்து அதே உம்மாவிடம் அதே கதையைக் கேட்கும். சில மாதத்தில் திட்டம் முடியும், வாகனம் போய்விடும். கதையைச் சொன்னவர் அங்கேயே இருப்பார்.

இந்த அனுபவம் எங்கள் கரையில் மட்டும் நடந்ததல்ல, உலகமே பிறகு அதைப் பேசியது. அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010 இல் எழுதிய நூலில் சுனாமிக்குப் பிந்திய இலங்கைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இலங்கையைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ காட்டிய ஒரு விடயம் முக்கியமானது. நம்மவர்கள் துன்பத்தைத் தனி ஆளின் தலைக்குள் நடக்கும் ஒன்றாகச் சொல்வதில்லை. உறவு அறுந்தது, குடும்பத்தில் தன் இடம் போனது, ஊரில் தன் கடமையைச் செய்ய முடியவில்லை என்றுதான் சொல்கிறார்கள். "நித்திரை வருகிறதா?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். "மகளுக்கு யார் வீடு கட்டிக் கொடுப்பது?" என்று உம்மா கேட்டார். இரண்டு கேள்வியும் சந்திக்கவே இல்லை.

அந்த வீட்டு விடயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் குடும்பத்தைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை.

எங்கள் கரையில், முஸ்லிம்களிடமும் தமிழரிடமும், கலியாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குரியது, தாய் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுப்பது. மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்தில் இன்னொன்று கட்டிப் போவார்கள். அடுத்தவளுக்கு அது. இப்படித்தான் அக்கா தங்கை எல்லோரும் ஒரே வளவைச் சுற்றி இருப்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல தசாப்தங்களாக எங்கள் பகுதியில் தங்கி இதை எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு புதிய வீடுகள் கொடுத்தபோது, அரச வழக்கப்படி குடும்பத் தலைவர் பெயரில் உறுதி எழுதினார்கள். குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எடுத்துக்கொண்டார்கள். தாய்வழியாக வந்த பெண்ணின் வீடு கடலோடு போனது. புதிய வீடு புருஷன் பெயரில் வந்தது. நாளைக்கு அவர் விட்டுப் போனால் அவள் எங்கே?

இப்போது ஒரு பெண் உளவளத்துணையாளரிடம் வந்து "எனக்கு மனசு சரியில்லை" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படித்தவர் ஆனால் இந்த ஊரைத் தெரியாதவர் அவளுடைய நித்திரையைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் கேட்பார். ஊரைத் தெரிந்தவர் ஆனால் படிக்காதவர் "பொறுமையாக இரு" என்பார். இரண்டும் சேர்ந்தவர்தான் "உங்கள் வீட்டுக்கு இப்போது உறுதி யார் பெயரில்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிய ஒருவருக்குப் பல ஆண்டுப் படிப்பும் வேண்டும், அந்த மண்ணின் பழக்கமும் வேண்டும். உங்கள் லயத்திலும் இப்படித்தான். லயன் காம்பரா யார் பெயரில் இருக்கிறது, வேலை நின்றால் வீடு என்னாகும், கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுவார்களா என்பதெல்லாம் தெரியாதவர், வீட்டுச் சண்டை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கமாட்டார். அதனால்தான் தோட்டத்துப் பிள்ளையே இதைப் படிக்கவேண்டும் என்கிறோம்.

சட்டப் பக்கத்தையும் சொல்லவேண்டும். முஸ்லிம் குடும்ப வழக்குகள் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்துக்குப் போகின்றன. அச்சட்டப்படி காதியார் ஆணாகத்தான் இருக்கவேண்டும். சட்டத்தரணி ஆஜராக முடியாது. புருஷன் தலாக் சொல்ல விரும்பினால் முதலில் காதியாருக்கு அறிவிக்கவேண்டும், காதியார் உறவினர், பெரியவர் உதவியோடு இணக்கம் செய்ய முயலவேண்டும். சட்டத்தில் இணக்கம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் இணக்கம் செய்யப் படித்தவர் வேண்டும் என்று எங்கும் இல்லை. இந்தச் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று முஸ்லிம் பெண்களே பல ஆண்டாகக் கேட்டு வருகிறார்கள்.

மறுபக்கம், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனத்துக்கும் பொது. உங்களுக்கும் பொருந்தும், எங்களுக்கும் பொருந்தும். அதன்படி நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். சமூகப் பணியாளரோ குடும்ப ஆலோசகரோ இரு தரப்போடும் பேசவேண்டும் என்று உத்தரவிடலாம். அடித்தவர் கட்டாயம் அங்கே போகவேண்டும் என்றும் சொல்லலாம். சட்டம் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காரத் தமிழ் தெரிந்த, படித்த ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

இனி, படிப்பு என்றால் உண்மையில் என்ன படிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, கேட்கப் படிக்கிறார்கள். சிரிக்காதீர்கள். நம்மில் பெரும்பாலோர் மற்றவர் பேசும்போது நாம் அடுத்து என்ன சொல்வது என்றுதான் யோசிக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1942 இல் எழுதிய நூலிலிருந்து இந்தத் துறையில் ஒரு கருத்து நிலைத்துவிட்டது: வந்தவருக்கு வழி காட்டுவதைவிட, அவர் தன் வழியைத் தானே காணும்படி தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது பெரிது. சொல்வது லேசு. ஒரு மணித்தியாலம் அப்படிக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு பாரம் என்று தெரியும்.

இரண்டாவது, இரகசியம் காக்கப் படிக்கிறார்கள். அதன் எல்லையையும் படிக்கிறார்கள். பிள்ளைக்குக் கெடுதல் நடக்கிறது என்றாலோ, ஒருவர் தன்னையோ பிறரையோ கொல்லும் நிலையில் இருக்கிறார் என்றாலோ மௌனமாக இருக்க முடியாது. எதை யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது ஒரு கல்வி. எங்கள் ஊரில் இதன் அருமை 2019 இல் நன்றாகத் தெரிந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் மோதலும் வெடிப்பும் நடந்து பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதன்பின் பல மாதம் எங்கள் சனம் பக்கத்து வீட்டாரிடமே வாய் திறக்கப் பயந்தது. சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் உளவளத்துணை என்ற பலகை மாட்டிப் பயன் இல்லை.

மூன்றாவது, தன் எல்லையை அறியப் படிக்கிறார்கள். எது வைத்தியரிடம் போகவேண்டிய நோய், எது சட்டத்தரணியிடம் போகவேண்டிய வழக்கு, எது பொலிஸுக்குப் போகவேண்டிய குற்றம், எது சங்கத்துக்கு வரவேண்டிய தொழில் பிரச்சினை என்று பிரித்தறிவது. எல்லாவற்றையும் தானே தீர்க்கப் பார்ப்பவர் ஆபத்தானவர்.

நான்காவது, மேற்பார்வையின் கீழ் வேலை செய்வது. இதுதான் மூன்று நாள் சான்றிதழுக்கும் பட்டப் படிப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம். மாணவர் உண்மையான ஆட்களைச் சந்திப்பார். பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் போய், பெயர் சொல்லாமல், "இப்படி வந்தார், இப்படிப் பேசினேன்" என்று சொல்லித் திருத்தம் பெறுவார். வேலைக்குச் சேர்ந்த பிறகும் இது தொடரவேண்டும். மற்றவர் துயரத்தை நாள்தோறும் வாங்குகிறவருக்கும் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? கொழுந்துக் கூடையைக்கூட நிறுவைக்கு இறக்கித்தான் ஆகவேண்டும்.

இதோடு குடும்பத்தைப் பற்றிய கல்வியும் உண்டு. பிள்ளை வளர்ச்சி, வீட்டுப் பணம், போதைப் பழக்கம், முதியோர் பராமரிப்பு, குடும்பச் சட்டம், இடம்பெயர்ந்து வேலை செய்யும் தாய்மாரின் வீடுகள். 2013 இல் வெளிநாடு போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. படிவம் நிரப்பினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். தாய் போன பிறகு அந்தப் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, தகப்பன் அனுப்பிய பணத்தை என்ன செய்கிறார் என்று மாதா மாதம் போய்ப் பார்க்கும் ஆள்தான் தேவைப்பட்டார். படிவத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

எங்கே படிப்பது?

சமூகப்பணிக் கல்வி இலங்கையில் 1952 இல் தொடங்கியது. அந்த நிறுவனம்தான் வளர்ந்து 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் ஆனது. சமூகப்பணியில் பட்டமும், உளவளத்துணையில் டிப்ளோமாவும் அங்கே உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கற்கைகள் பீடத்தில் உளவளத்துணையும் உளசமூகப் பணியும் சார்ந்த மேற்படிப்பு உண்டு. சமூகவியல், கல்வியியல் படித்துவிட்டும் இந்தப் பக்கம் வரலாம். கடல் கடந்து போக வசதி உள்ளவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும், 1952 இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளியும் தெரிந்த பெயர்கள்.

எங்கள் பகுதியில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போர்க்காலத்தில், 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுப் பல்கலைக்கழகம் ஆனது. அது பக்கத்தில் வந்ததால், தூர ஊருக்கு மகளை அனுப்பத் தயங்கிய உம்மாமார் துணிந்து அனுப்பினார்கள். ஒரு பல்கலைக்கழகம் ஊருக்குக் கிட்ட வந்தால் ஒரு தலைமுறைப் பெண்களின் வாழ்க்கை மாறும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று நீங்கள் கேட்கும்போது எங்கள் கையும் சேர்ந்து உயரும்.

காசு கட்டுவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள். வைத்தியருக்கு மருத்துவ சபையில் பதிவு கட்டாயம். உளவளத்துணையாளருக்கு அப்படிக் கட்டாயப் பதிவு இல்லை, அதனால் பெயர்ப்பலகை வைத்துச் சான்றிதழ் விற்கும் இடங்களும் உண்டு. ஒன்று: இந்தப் படிப்பு இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் எத்தனையாம் மட்டம்? சாதாரணப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6, பட்டப்பின் டிப்ளோமா 8, முதுமாணி 9 அல்லது அதற்கு மேல். எண் சொல்லாவிட்டால் எழும்பி வாருங்கள். இரண்டு: பட்டம் கொடுப்பவர் யார்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்ததா? மூன்று: தமிழில் படிக்கலாமா, பரீட்சை எந்த மொழியில்? நான்கு: களப்பயிற்சி எத்தனை மணித்தியாலம், யார் மேற்பார்வை? ஐந்து: போன வருடம் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்?

வேலை எங்கே என்று கேட்பீர்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், உதவியாளர் பதவிகள் இருக்கின்றன. பாடசாலைகளில் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுகள், நன்னடத்தைத் திணைக்களம், நீதிமன்றம், தொண்டு நிறுவனங்கள் உண்டு. சுனாமி கொண்டுவந்த ஒரே நன்மை என்று சொல்வதானால் இதைத்தான் சொல்லவேண்டும்: 2005 இல் நாட்டுக்கு ஒரு மனநலக் கொள்கை வந்தது. சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநல சேவை பிறகு 20 மாவட்டங்களுக்குப் பரவியதாக உலக சுகாதார நிறுவனம் 2013 இல் எழுதியது. பெரிய சம்பளம் கிடைக்கும் என்று ஆசை காட்டமாட்டோம். ஆனால் நிலையான வேலை, மரியாதையான வேலை, தமிழ் தெரிந்தவருக்கு இடம் காத்திருக்கும் வேலை.

தோட்டத்துக்குள்ளேயே ஒரு படிக்கட்டும் இருக்கிறது. பிள்ளை மடுவத்தில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்யும் பெண்களைப் பாருங்கள். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாயின் முகத்தைப் பார்த்தே முதல் நாள் இரவு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தவர் சான்றிதழோடு நின்றுவிடக்கூடாது. வேலை செய்துகொண்டே டிப்ளோமா, பிறகு பட்டம் என்று ஏற லீவும் உதவிப்பணமும் கிடைக்கவேண்டும். இதைச் சங்கம் கோரிக்கையாக வைக்கலாம்.

தோழர்களே, இப்போது ஓர் எச்சரிக்கை. இது சங்க மேடை, ஆகவே இதைச் சொல்லாமல் போகமுடியாது.

அமெரிக்காவில் சிக்காகோ அருகே ஹோதோர்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனிக்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது. அங்கே 1936 இல் தொழிலாளரின் மனக்குறையைக் கேட்பதற்கென்று கம்பனி உளவளத்துணையாளர்களை வைத்தது. 1956 வரை, 20 வருடம் நடந்தது. கேட்டார்கள், நன்றாகக் கேட்டார்கள். ஆனால் கேட்டதை வைத்துச் சம்பளத்தையோ வேலை நிலைமையையோ மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தொழிலாளியின் கோபத்தை அவர் மனசுக்குள் இருக்கும் கோளாறாக்கி ஆற்றிவிடும் ஏற்பாடு இது என்று தொழிற்சங்கப் பக்கத்திலும் ஆய்வாளரிடமும் விமர்சனம் எழுந்தது.

அதே ஆபத்து தோட்டத்திலும் வரலாம். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். கூடை நிரம்பாமல் வந்த பெண்ணுக்கு வீட்டில் சண்டை. அந்தச் சண்டைக்கு உளவளத்துணை கொடுக்கலாம். கிலோவுக்கு உளவளத்துணை கொடுக்க முடியாது. அதற்குக் கூட்டு ஒப்பந்தமும் சங்கமும்தான் மருந்து.

இன்னொரு பாடம். 1995 இல் இலங்கையில் 100,000 பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. தோட்டமும் வயலும் அதில் பெரும் பங்கைச் சுமந்தன. இன்று அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. எப்படி? மிக முக்கியமான காரணம், கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 1998 இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவும் நீக்கப்பட்டது. பிழைத்தவர் பொலிஸுக்குப் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்கு வர வழி பிறந்தது. 1974 முதல் சுமித்ரயோ போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் காது கொடுத்து வந்தார்கள். சட்டம், கொள்கை, காது கொடுக்கும் ஆள், மூன்றும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடாதீர்கள்.

ஆகவே தோட்டத்துக்கு உளவளத்துணையாளர் வேண்டும் என்று கேட்கும்போது இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? அவர் எழுதும் குறிப்பைத் துரை பார்க்க முடியுமா? பார்க்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சங்கத் தலைவரும் பார்க்கக்கூடாது என்றும் எழுதுங்கள், அது நம்முடைய நேர்மை. அவர் உட்காரும் அறை பிரட்டுக்களத்தைப் பார்த்து இருக்கக்கூடாது. யார் உள்ளே போகிறார்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் போகமாட்டார்கள். பெண்கள் பேசப் பெண் ஒருவர், ஆண்கள் பேச ஆண் ஒருவர் இருந்தால் நல்லது. ஆண் பிள்ளைகளும் இதைப் படிக்கவேண்டும். குடிக்கிற தகப்பன் சிலவேளை இன்னோர் ஆணிடம்தான் அழுவார்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. உயர்தரத்தில் கலைப் பிரிவு எடுத்த மகளைப் பார்த்து "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்காதீர்கள். லயத்தில் ஆறு குடும்பம் ஒரே கூரையின் கீழ் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அந்த அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் விற்பனைக்கு இல்லை. அதோடு படிப்பும் சேர்ந்தால் அவள் செய்யக்கூடிய வேலையைக் கொழும்பிலிருந்து வருபவர் செய்ய முடியாது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத உதவியும் உண்டு. மனசு தாங்க முடியாத நிலையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பெண்களுக்கு நடக்கும் கொடுமைக்கு 1938. பிள்ளைகளுக்கு 1929. இந்த மூன்று இலக்கத்தையும் பிள்ளை மடுவத்தின் சுவரிலும் கோவில் வாசலிலும் தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். சபையில் கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் தேநீர் வேளையில் தனியாக வாருங்கள். இந்த வருடம் உயர்தரம் எழுதும் பிள்ளைகள் யாராவது இருந்தால் பெயரை மாதர் பிரிவுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து நேர்முகப் பரீட்சை வரை கரையிலிருந்து நாங்கள் உதவுவோம்.